கபாலியின் படகுக்குள் ஓடிய வெளிச்சம்

கபாலியின் படகுக்கு நரம்பு இருந்தது. ஊரூர்க்குப்பத்து மணலில் கிடக்கிற மற்ற ஃபைபர் படகுகள் ஒன்றுக்கும் அது கிடையாது. தலைமுடியை விட மெல்லிய கண்ணாடி இழை ஒன்று, படகின் சுவருக்குள்ளேயே புதைந்து, மூக்கிலிருந்து வால் வரைக்கும் போய்த் திரும்பியது. அதற்குள் எந்நேரமும் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு நீலப் பெயின்ட்டும் மீன் கவுச்சியும்தான்.

கபாலியின் அம்மா சொர்ணத்துக்கு முதலில் அது பிடிக்கவில்லை. சொர்ணத்துக்கு முதலில் எதுவுமே பிடிக்காது.

போன வருஷப் புயலில் பழைய படகு, ஆற்று முகத்தில் நிற்கிற உடைந்த பாலத்துத் தூணில் மோதி இரண்டாய்ப் போனபோது, அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் வந்து, நாங்கள் ஒரு படகு செய்து தருகிறோம், அதற்குள் இழை வைப்போம், கடலில் அது என்ன பாடுபடுகிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். கபாலி சரி என்றான். சொர்ணம் கூடவே போய்க் கொட்டகையில் குந்திக்கொண்டு படகு செய்வதைப் பார்த்தாள். மூக்கைப் பிடுங்குகிற பசை நாற்றம். கண்ணாடி நாரில் நெய்த வெள்ளைத் துணியை அச்சுக்குள் விரிப்பதும், பசையைப் பூசுவதும், அதன் மேல் இன்னொரு துணி விரிப்பதுமாக இருந்தார்கள். நடுவில் ஒரு அடுக்கில் சிம்ரா என்கிற பெண், பூக்காரி நாரை விரலுக்கிடையில் விடுவது போல, அந்த இழையை விட்டுக்கொண்டே போனாள். திருவல்லிக்கேணிப் பெண். ஒல்லியாய், மூச்சு விட்டால் இழை நகர்ந்துவிடுமோ என்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தாள்.

"வெளிச்சம் உள்ள போயி இன்னா பண்ணும்? மீன் புடிச்சிக் குடுக்குமா?" என்று கேட்டாள் சொர்ணம்.

"மீன் பிடிக்காதும்மா. இந்த இழையில அங்கங்க அடையாளம் போட்டிருக்கோம். வெளிச்சம் போறப்ப ஒவ்வொரு அடையாளமும் ஒரு நிறத்த மட்டும் திருப்பி அனுப்பும். அந்த எடத்துல படகு உடம்பு கொஞ்சம் இழுபட்டாலோ நசுங்கினாலோ, திரும்பி வர்ற நிறம் மாறிடும். எது மாறுதோ அங்க வலின்னு நமக்குத் தெரியும்."

"எனுக்கு முட்டி வலின்னு வாய் வுட்டு சொல்லிகினு கீறேன், கேக்க நாதியில்ல. மரக்கட்டைக்கு நரம்பு வெச்சி வலிக்குதான்னு கேக்கறீங்கோ."

"மரக்கட்ட இல்லம்மா, ஃபைபர்."

"சர்தான் போ. வலிச்சா அது சொல்லுமா?"

"தானா சொல்லாது. நாம வெளிச்சத்த அனுப்பிக் கேக்கணும்."

சொர்ணம் வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்டால்தான் சொல்லும் என்பதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அவளைக் கட்டியவனும் அப்படிப்பட்டவன்தான். கேட்டால் ஒரு வார்த்தை. கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அவன் பெயர் தேசிங்கு. சொர்ணம் பிறந்ததும் இதே குப்பம், அவனும் இதே குப்பம். சொர்ணம் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு நாள் போனாள்; வாயை மூடு என்று வாத்தியார் சொன்னார்; மறுநாள் போகவில்லை. வயசுக்கு வந்ததும் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போனாள். தலையை எடுத்துவிட்டுக் கொடு என்று கேட்கிற அம்மாக்களிடம், தலையை எடுத்தால் குழம்பில் என்ன இருக்கும், வெந்நீர்தான் என்பாள். திட்டிக்கொண்டே அவளிடம்தான் வாங்கினார்கள். மீன் பொய் சொல்லாது, அவளும் சொல்லமாட்டாள் என்று மார்க்கெட்டுக்கே தெரியும்.

தேசிங்கு ஒரு மார்கழி அமாவாசை விடியலில் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனான். பனி மூட்டமாய் இருந்தது. பத்தடி போனதும் முதுகு மங்கி, பிறகு தோள் மங்கி, பிறகு வெறும் வெள்ளை. துடுப்பு மட்டும் சில நாள் கழித்துக் கோவளத்துப் பக்கம் ஒதுங்கியது. குப்பத்துப் பெண்கள் தாலியறுக்க வந்து உட்கார்ந்தார்கள். உடம்பு வந்தால் அறுத்துக்கொள்கிறேன், துடுப்புக்கு எவளாவது தாலி அறுப்பாளா என்று கேட்டு அனுப்பிவிட்டாள். பிறகு ஒரு காலையில், யாரும் சொல்லாமலே, தானே கழற்றி மடியில் முடிந்துகொண்டு மீன் விற்கப் போனாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசை விடியலிலும் படகின் மூக்கில் அவள்தான் தேங்காய் உடைத்தாள். குப்பத்தில் அது ஆம்பிளைகள் வேலை, இல்லாவிட்டால் தாலியுள்ளவள் வேலை. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் எந்தெந்தக் கடையில் குடித்துவிட்டு எங்கெங்கே விழுந்து கிடந்தார்கள் என்பதைச் சொர்ணம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டார்கள். அதற்கப்புறம் யாரும் நேராக ஒன்றும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். சொர்ணத்தின் முதுகுக்குக் காது உண்டு.

உடைப்பதற்கு முன்னால் மூக்கில் மஞ்சள் பொட்டு வைப்பாள். அந்தப் பொட்டின் மேலேதான் அடிப்பாள், ஒரு விரற்கடை தப்பாது. அடிக்குமுன் அவனிடம் ஒரு சேதி சொல்வாள். "தே, உம் புள்ள தாடி வுட்டுகினு திரியறான், சொல்ட்டேன்." டமார். "மருமவளுக்கு ரெண்டாவதும் பொண்ணு. மூஞ்சி உன்னிய மாரியே கீது, பாவம்." டமார். தேங்காய்த் தண்ணீர் மணலில் வழிந்து, அலை வந்து நக்கிக்கொண்டு போகும். அதுதான் பதில் என்று வைத்துக்கொள்வாள்.

பழைய படகின் மூக்கில் இரும்புப் பட்டை அடித்திருந்தது. புதுப் படகில் அது இல்லை. கனம் குறையட்டும் என்று விட்டுவிட்டார்கள். அமாவாசைத் தேங்காயை யாரும் யோசிக்கவில்லை. எத்தனை உடைத்தும் பெயின்ட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆடி மாசத்து மத்தியானம் ஒன்றில் சொர்ணம் படகு நிழலில் படுத்துத் தூங்கிப்போனாள். காற்று மணலை அள்ளிக் கால்மேல் போட்டுக்கொண்டிருந்தது. கனவில் படகு கண்ணாடி போல இருந்தது. உள்ளே ஒரு வெளிச்சம், நெத்திலி அளவுக்கு, வாலிலிருந்து நீந்திவந்தது. பச்சை, பிறகு மஞ்சள், பிறகு பழுத்த மாதுளை மாதிரி சிவப்பு. போகிற இடமெல்லாம் படகின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாய் ஒளிர்ந்து அணைந்தன. மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் அது தடுக்கி விழுகிற மாதிரி நின்றது. அங்கே தேசிங்கு உட்கார்ந்திருந்தான். ஈரத் துண்டைத் தலையில் கட்டியிருந்தான். வயசே ஆகவில்லை. துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, "ஒரே எடத்துல அட்ச்சிகினே கீறியே, வலிக்காது?" என்றான். அவன் உயிரோடிருந்த காலத்தில் அவ்வளவு நீளமாய்ப் பேசியதே இல்லை.

சொர்ணம் எழுந்தபோது கழுத்தில் மணலும் வியர்வையும். "செத்தும் கொற சொல்றான் பாரு," என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை சிம்ரா வந்தாள். வாரம் ஒரு தரம் வருவாள். படகின் வாலில் பலகைக்கடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வெளிச்சத்தை அனுப்பித் திரும்பி வருவதை எல்லாம் அது நினைவில் வைத்துக்கொள்ளும். சிம்ரா லேப்டாப்பை அதில் மாட்டிப் பார்ப்பாள். வழக்கமாய்ப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுவாள். அன்றைக்கு மணலில் மண்டி போட்டவள் எழுந்திருக்கவேயில்லை.

"கபாலிண்ணா, படகு எங்கயாவது பாறையில இடிச்சுதா?"

"இல்லியே மேடம்."

"தூணு, மரம், வேற படகு?"

"இட்ச்சிருந்தா எங்கம்மா என்னிய வுட்டுவெச்சிருக்குமா? இன்னா விசயம்?"

"மூக்குகிட்ட இருக்கற அடையாளம் நகர்ந்திருக்கு. நகர்ந்தது திரும்பல. பக்கத்து அடையாளமும் இப்ப நகர ஆரம்பிச்சிருக்கு. உள்ள அடுக்கு விட்டுப்போச்சுன்னு நெனைக்கறேன். இன்னிக்கி போகாதீங்க."

கபாலியின் முகம் தொங்கியது. நாலு நாளாய் வஞ்சிரம் அகப்பட்டுக்கொண்டிருந்தது. காற்று திரும்புவதற்குள் போகவேண்டும். அவன் மூக்கைத் தடவினான், வெயிலில் சாய்ந்து பார்த்தான். வழவழவென்று இருந்தது. படகு ஒட்டுகிற தணிகாசலத்தைக் கூப்பிட்டான். தணிகாசலம் வாயில் பாக்கோடு வந்து, சட்டைப் பையிலிருந்து காசு ஒன்றை எடுத்து, மூக்கு நெடுகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அந்தப் பக்கத்துப் படகுகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியம்.

"சுத்தமா கீதுபா. வுட்டுப்போயிருந்தா சவுண்டு செத்துப்பூடும்."

"உள்ள மிதக்கறதுக்கு நுரை அடைச்சிருக்கே சார், மொத்தமுமே சவுண்டு செத்துதானே இருக்கும்?" என்றாள் சிம்ரா.

"நா எவ்ளோ படகு பாத்துருக்கேன் தெர்மா. இந்த மூக்குல அடி பட்ட அடையாளமே இல்லியே. அட்ச்சது யாரு, பேயா?"

கபாலி சிரித்தான். சிரித்துவிட்டு என்ஜினைத் தூக்கப் போனான். அவன் மனசில் முடிவாகிவிட்டது.

அதுவரைக்கும் சொர்ணம் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கூடையோடு நகர்ந்து சிம்ராவிடம் வந்தாள்.

"தே பொண்ணே. எப்ப நகந்துச்சி அத்து? ஒரே நாளுலயா?"

"இல்லம்மா. கொஞ்சம் கொஞ்சமா. ஒரு நாள் திடீர்னு குதிச்சிருக்கு, அப்பறம் சும்மா இருந்திருக்கு, மறுபடி குதிச்சிருக்கு. முதல்ல ரொம்பச் சின்னது. மணல்ல இழுக்கறதுல ஆகியிருக்கும்னு நான் விட்டுட்டேன். அது என் தப்பு. கடைசியா குதிச்சதுதான் பெருசு."

"எந்த எந்த நாளு?"

சிம்ரா தேதிகளைப் படித்தாள். சொர்ணத்துக்குத் தேதி ஒன்றும் சொல்லாது. "அதெல்லாம் எனுக்கு வாணாம். அன்னிக்கி நெலா எப்பிடி கீது, அத்த சொல்லு."

"நிலாவா?" சிம்ரா கொஞ்சம் முழித்தாள். அப்புறம் திரையில் ஓர் இடத்தில் அவள் விரல் நின்றது. "இது எனக்கு ஞாபகமிருக்கு. நோன்புக்குப் பிறை பார்க்க மாடிக்குப் போனோமே, அதுக்கு முந்தின நாள்." அவள் விரல் அடுத்ததற்குப் போனது. "இது பெருநாள் பிறைக்கு முன்னாடி." விரல் இன்னொன்றுக்குப் போய் நின்றது. அவள் நிமிர்ந்து சொர்ணத்தைப் பார்த்தாள். பிறைக்கு முன்னால் வருவது என்ன என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஆனால் அந்த நாளில் இந்த மணலில் என்ன நடக்கும் என்று சிம்ராவுக்குத் தெரியாது.

சொர்ணத்துக்குக் காது அடைத்துப்போனது. கடல் இரைச்சல் தூரத்தில் எங்கேயோ, சங்குக்குள்ளே கேட்பது போலக் கேட்டது. மஞ்சள் பொட்டு வைத்த இடம். ஒரு விரற்கடை தப்பாத இடம். துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தவன்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாய்க் குப்பம் வாயில் அடக்கி வைத்திருந்தது வெளியே வரும். தாலியில்லாதவள் தேங்காய் உடைத்தாள், படகுக்குக் கேடு வந்தது. இனி எந்தப் பெண்ணும், கட்டியவன் போன பிறகு, படகின் கிட்டேயே போக முடியாது. வாயைத் திறக்காவிட்டால் கபாலி அலையைத் தாண்டிப் போவான். காசு தட்டினவன் சுத்தம் என்று சொல்லிவிட்டானே. மூடுபனி அன்றைக்கு இல்லை. வெயில் பளிச்சென்று இருந்தது. ஆனாலும் அவளுக்குக் கபாலியின் முதுகு மங்குகிற மாதிரித் தெரிந்தது, பிறகு தோள்.

படகைத் தள்ள ஆட்கள் கை வைத்துவிட்டார்கள். சொர்ணம் போய் மூக்குக்கு முன்னால் நின்றாள்.

"வெலகும்மா, தண்ணி ஏறுது."

"போவாதடா."

"தணிகாசலண்ணன் சொல்லிட்சே, நல்லா கீதுன்னு."

"அவுரு காசுக்கு இன்னா தெரியும். பேயி அட்ச்சிச்சான்னு கேட்டாரே, அந்தப் பேயி நான்தான். அமாவாசைக்கு அமாவாசை இங்கதான் ஒடைக்கறேன். இதே எடத்துல. அந்தப் பொண்ணு பொட்டியில அமாவாசை அமாவாசையா வுழுந்துகீது. என் தேங்காடா அத்து."

படகில் வைத்த கைகள் ஒவ்வொன்றாய் இறங்கின. கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த ராஜகாந்தம், நிமிராமலே, இவ்வளவு நாள் காத்திருந்தவள் போலச் சொன்னாள்: "ஒடைக்கக் கூடாதவ ஒடைச்சா இப்பிடித்தான். அப்பவே சொன்னோம்."

சொர்ணம் திரும்பினாள். "நீ ஒடைச்சிருந்தா பூவா கொட்டியிருக்கும்? தேங்காய்க்கு இன்னாடி தெரியும், எவ கையில கீதுன்னு, அவ கழுத்துல இன்னா கீதுன்னு."

ராஜகாந்தம் சிம்ராவைப் பார்த்தாள். பெட்டி வைத்திருக்கிறவள் ஆச்சே, ஏதாவது சொல்லட்டும் என்பது போல. சிம்ராவுக்கு இந்தச் சண்டையின் ஆழம் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொன்னாள். "யார் உடைச்சாலும் இதேதான் ஆகியிருக்கும். ஒரே எடத்துல திரும்பத் திரும்ப அடி. மேல கீறல் விழாது. உள்ள அடுக்கு, பொரோட்டா மாதிரி, பிரிஞ்சிகிட்டே போகும்."

"கேட்டுக்கினியா? பொரோட்டா," என்றாள் சொர்ணம்.

தணிகாசலம் பாக்கைத் துப்பிவிட்டு, சும்மா ஒரு தரம் திறந்து பார்ப்போம், ஒன்றும் இருக்காது என்று தேய்க்கிற மிஷினை எடுத்துவந்தார். நீலப் பெயின்ட் பொடியாய்ப் பறந்து எல்லார் மேலும் படிந்தது. சொர்ணத்தின் நரைமுடி நீலமாகிவிட்டது. பெயின்ட்டுக்குக் கீழே, கண்ணாடியாய் இருக்கவேண்டிய இடம், பால் ஊற்றினது போல வெளுத்துக்கிடந்தது. அவர் உளியின் நுனியை விட்டார். அடுக்கு, கறிவேப்பிலை உருவுவது போலக் கழன்று வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே ஒரு கறுத்த விரிசல், மூக்கிலிருந்து அடிப்பக்கமாய், படகின் முதுகெலும்பான ஏரா ஓடுகிற இடத்தைப் பார்த்து, ஒரு முழத்துக்கு மேல் போயிருந்தது.

கபாலி அதில் விரலை வைத்தான். கரையருகே அலை உடைகிற இடத்தில் படகு எழும்பி மூக்கால்தான் விழும். அவனுக்கு அதை யாரும் சொல்லவேண்டியதில்லை. அவன் அம்மாவைப் பார்க்காமலே அவள் காலருகில் மணலில் உட்கார்ந்துகொண்டான். தணிகாசலம் காசைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மூக்கை அறுத்தெடுத்துப் புதிதாய் ஒட்டினார்கள். இந்தத் தரம் கொட்டகையில் இல்லை, மணலிலேயே, படுதா கட்டி. தணிகாசலம் பசை பூச, சிம்ரா இழை விட்டாள். சொர்ணம் பக்கத்தில் குந்திக்கொண்டு இருவரையும் சமமாய்த் திட்டினாள். வஞ்சிரம் போய்விட்டது. கபாலி பக்கத்து வீட்டு வடிவேலுவின் படகில் கூலிக்குப் போய்வந்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பன் மாதிரி.

அடுத்த அமாவாசை வந்தது. விடியலில் குப்பமே எதையோ மறந்து வைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி மணலில் சுற்றியது. சொர்ணம் உடைப்பாளா மாட்டாளா என்று பார்க்கத்தான். ராஜகாந்தம் விளக்குமாற்றோடு மணலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மணலை யார் பெருக்குவார்கள்.

காலந்தப்பிய பனி இறங்கியிருந்தது. படகுகளின் மூக்குகள் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. சொர்ணம் தேங்காயோடு வந்தாள். மூக்கில் மஞ்சள் பொட்டு வைத்தாள். கையை ஓங்கினாள். படகுக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த சிம்ரா எழுந்தேவிட்டாள். சொர்ணம் அப்படியே குனிந்து, படகுக்கு முன்னால் மணலில் கிடந்த நங்கூரக் கல்லின் மேல் அடித்தாள். தேங்காய் சரிபாதியாய்ப் பிளந்தது. தண்ணீரைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

"பாத்தாச்சா? போயி அவ அவ வேலைய பாருங்கடி," என்றாள் பனியைப் பார்த்து.

பிறகு, தேங்காய்த் தண்ணீர் சொட்டுகிற உள்ளங்கையை மஞ்சள் பொட்டின் மேல் வைத்து அழுத்தினாள். எப்போதும் சொல்கிற சேதியைச் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"அம்மா," என்றாள் சிம்ரா. லேப்டாப் வெளிச்சம் அவள் முகத்தில் நீலமாய் விழுந்திருந்தது. "நகருதும்மா."

"இன்னா நகருது?"

"மூக்கு அடையாளம். நீங்க கைய வெச்சிருக்கீங்க இல்ல, அதான். அழுத்தத்துக்கும் நகரும், சூட்டுக்கும் நகரும். பயப்படாதீங்க, கைய எடுத்தா பழைய எடத்துக்கே வந்துடும்."

"என் கை சூடு அதுக்குத் தெரியுதா?"

"தெரியுது."

சொர்ணம் கையை எடுத்தாள். சிம்ரா திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடுகள் வரிசையாய் நின்றன, மூங்கில் நட்டது போல. அதில் ஒன்று மட்டும், மயிரிழை அளவு, மெதுவாய்த் தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சொர்ணம் மறுபடியும் கையை வைத்தாள். அது மறுபடியும் நகர்ந்தது. அவள் எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. கைக்குக் கீழே, சுவருக்குள்ளே, நெத்திலி அளவு வெளிச்சம் ஒன்று வந்து முட்டி, தடுக்காமல் திரும்பிப் போய், மறுபடியும் வந்துகொண்டிருந்தது.

கபாலி என்ஜினைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நின்றான். "ம்மோவ். கைய எடுத்தின்னா தள்ளலாம். காத்து போவுது."

"இர்ரா," என்றாள் சொர்ணம், திரும்பாமல். "பேசிகினு கீறேன்."